செடிச் சித்திரத்தைச் சீரமைக்கும் முறை

புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் மாதிரி வரைவோர் எவரிடமும் ஒதுக்கி வைத்த தாள்களின் கட்டு ஒன்று இருக்கும். பல நாள் உழைத்து வரைந்தும் பயன்படாமற் போன செடிகளும் பூக்களும் அதில் கிடக்கும். இலை இலையாகவே இருக்கிறது. பூவின் நிறமும் பொருந்தியிருக்கிறது. ஆயினும் சித்திரம் முழுவதையும் ஒருங்கே நோக்கும்போது கண் அதில் தங்குவதில்லை. இத்தகைய தாள்களைச் சிலர் கிழித்தெறிகின்றனர். வேறு சிலர் அவசரத்தில் அப்படியே கட்டத்தாளுக்கு மாற்றிவிடுகின்றனர். இரண்டும் நஷ்டமே.

கிழித்தெறிவதால் போவது தாளும் நேரமும் மட்டுமல்ல. செடியை நேரில் பார்த்து வரைந்த சித்திரத்தில் ஒரு பருவத்தின் கவனிப்பு அடங்கியிருக்கிறது. அன்று பூத்த செடி வாடிவிட்டது; மீண்டும் அதைக் காண அடுத்த பட்டம் வரை காத்திருக்க வேண்டும். திருத்தாமல் தறிக்கு அனுப்புவதால் வரும் நஷ்டம் இன்னும் பெரிது. தாளில் உள்ள குறை கட்டத்தாளுக்குச் செல்கிறது. அங்கிருந்து ஜக்கார்டு அட்டைக்குச் செல்கிறது. பிறகு ஒவ்வொரு புடவையிலும் முழத்துக்கு முழம் வந்து விழுகிறது. அட்டை குத்திய பின் திருத்துவதற்குப் பணம் வேண்டும். தாளில் இருக்கும்போதே திருத்துவதற்குத் தூரிகையும் சற்றுப் பொறுமையும் போதும்.

ஆகவே, தவறிய செடிச் சித்திரத்தை எவ்வாறு மீண்டும் அமைப்பது என்பதை இங்கே ஆராய்வோம். நெசவாளருக்கும் மாதிரி வரைவோருக்கும் உரிய இவ்விஷயத்தில் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவர்கள் அவர்களே என்பது போகப் போக விளங்கும்.

கல்லில் திருத்திய கை

பிறர் வரைந்த செடிச் சித்திரங்களை எடுத்து, அமைப்பை மாற்றி, புதிதாக ஆக்கிய செயலுக்குப் பெயர் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1855-ஆம் ஆண்டில் லண்டனில் இமயமலைத் தாவரங்களைப் பற்றிய பெரிய சித்திர நூல் ஒன்று வெளியாயிற்று. அதன் மூலம் டார்ஜிலிங்கில் தோன்றியது. வங்காள சிவில் சர்வீஸில் நீதிபதியாக இருந்த காத்கார்ட் என்பவர் அங்கே தங்கியிருந்தபோது, லெப்சா மக்களைக் கொண்டு மலைச்செடிகளைச் சேகரிக்கச் செய்தார். இந்திய ஓவியர்களை அமர்த்தி அவற்றை நூற்றுக்கணக்கில் வரையச் செய்தார். 1851-இல் தாயகம் திரும்பும் வழியில், சுவிட்ஸர்லாந்திலுள்ள லோசான் நகரில் அவர் காலமானார். சித்திரங்கள் கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்தன. இமயத்தில் தாமே சுற்றிச் செடிகளை ஆராய்ந்திருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, விளக்கம் எழுதி வெளியிட்டார்.

தேர்ந்தெடுத்த சித்திரங்கள் அப்படியே அச்சேறவில்லை. வால்டர் ஹூட் ஃபிட்ச் என்ற ஓவியர் அவற்றை அச்சுக்கல்லின்மேல் மீண்டும் வரைந்தார். மூலச் சித்திரங்களில் விறைப்பு இருந்ததென்றும், தாவர நூலறிவு குறைந்திருந்ததென்றும், அவற்றை ஃபிட்ச் சரிசெய்தாரென்றும் ஹூக்கர் முன்னுரையில் கூறுகிறார்.

இந்த ஃபிட்ச் யார்? 1817-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இளமையில் கிளாஸ்கோ நகரத்தில் துணியில் பூ அச்சிடும் தொழிற்சாலையில் மாதிரி வரையப் பயிற்சி பெற்றவர். ஜோசப் ஹூக்கரின் தந்தை வில்லியம் ஹூக்கர் அவருடைய கைத்திறனைக் கண்டு, செடி வரையும் வேலைக்கு அழைத்துக் கொண்டார். 1834 முதல் 1877 வரை ‘கர்ட்டிஸ் தாவர சஞ்சிகை’யின் சித்திரங்களை அவரே வரைந்து வந்தார். அவர் கையிலிருந்து வெளியான சித்திரங்கள் பத்தாயிரத்தை எட்டும் என்பர். துணிக்கு மாதிரி வரைந்த கையே பிற்காலத்தில் தாவர நூல்களின் தலைசிறந்த கையாக விளங்கிற்று என்பது நம் அங்கத்தினர்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, ஃபிட்ச் அழகுக்காக மட்டும் எதையும் நகர்த்தவில்லை. ஹூக்கர் கொண்டுவந்த குறிப்புகளும் உலர்ந்த செடிகளும் அருகில் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டே மாற்றினார். ‘மாக்னோலியா காம்ப்பெல்லி’ என்ற மரத்தை எடுத்துக்கொள்வோம். அது இலையுதிர்ந்த வெறுங்கிளையில் பூக்கும். இலை பிறகே வரும். பூவுக்குப் பின்னால் பச்சை இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று இலைகளைச் சேர்த்தால் சித்திரம் அழகாகலாம். ஆனால் அது அந்த மரமாக இராது.

இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. நூலின் முகப்பில் காத்கார்ட்டின் பெயர் உண்டு. ஹூக்கரின் பெயரும் ஃபிட்சின் பெயரும் உண்டு. செடியின் எதிரே அமர்ந்து முதன்முதல் வரைந்தவர்கள் ‘நாட்டு ஓவியர்கள்’ என்ற பொதுச் சொல்லால் குறிக்கப்பட்டார்கள். திருத்தியவரின் புகழ் நிலைத்தது. திருத்தத்துக்கு ஆதாரமான உழைப்புக்கு உரியவர்கள் மறைந்தார்கள். பிறர் சித்திரத்தைச் சீரமைப்போர் இதை மறத்தலாகாது.

கோயமுத்தூரில் வரைந்த இருவர்

இதற்கு மாறான உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. ராபர்ட் வைட் என்ற தாவர அறிஞர் 1819-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். 1842 முதல் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கும் அரசாங்கச் சோதனைப் பண்ணைகளை மேற்பார்த்தார். 1853-இல் நாடு திரும்பும் வரை தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றித் தொடர்ந்து நூல்கள் வெளியிட்டார். அவற்றுள் பெரிதான ஆறு தொகுதி நூலில் 2,101 சித்திரத் தகடுகள் உள்ளன. அவர் நூல்களுக்குச் சித்திரம் வரைந்த ஓவியர்களுள் முதன்மையானவர்கள் ரங்கையாவும், அவருக்குப் பின் வந்த கோவிந்துவும் ஆவர். தகடுகள் பலவற்றின் அடியில் வரைந்தவர் பெயர் அச்சாகியிருக்கிறது. ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். அவ்வினத்துக்குத் தாவர நூலார் இன்று வேறு பெயர் வழங்குகின்றனர். எனினும் நாட்டு ஓவியர் ஒருவரின் பெயர் தாவர நூலில் ஏறியதற்கு அது சான்று.

அக்காலத்து இந்திய ஓவியர்கள் செடியைத் தாளின் பரப்போடு படியும்படி விரித்து வரையும் வழக்கமுடையவர்கள். இலையின் விளிம்பும் நரம்பும் அவர்கள் கையில் கோலம் போலத் தெளிவாக விழும். ஐரோப்பியர் இதையே விறைப்பு என்றனர். ஆனால் தறியில் நெய்யும் பூவுக்குத் தட்டையான விரிவும் தெளிவான விளிம்புமே வேண்டியவை. புத்தகத் தாளில் குறையாகக் கருதப்பட்டது புடவைக் கரையில் குணமாகலாம். ஆகவே ஒரு சித்திரத்தைத் தவறியது என்று தள்ளுமுன், எந்தப் பயனுக்குத் தவறியது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறையைக் காணும் வழி

தாம் வரைந்ததன் குறை தமக்குத் தெரிவது அரிது. கண் அதற்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை உடைக்கச் சில எளிய உபாயங்கள் உள்ளன.

சித்திரத்தைக் கண்ணாடியின் முன் பிடித்துப் பார்க்கலாம். இடம் வலமாக மாறியவுடன், ஒரு பக்கம் சாய்ந்திருப்பது பளிச்சென்று தெரியும். தாளைத் தலைகீழாக வைத்தால் செடி என்ற நினைவு அகன்று, நிறமும் வடிவமும் மட்டும் நிற்கும். எங்கே பாரம் அதிகம், எங்கே வெறுமை என்பது புலப்படும். கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இருளும் ஒளியும் தனித்துத் தெரியும். எல்லா இலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றினால், சித்திரத்தில் முன் பின் என்ற வேறுபாடு இல்லை என்பது பொருள். ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைகளை எதிரெதிராக வைத்துச் சட்டமாக்கி நகர்த்தினால், எவ்வளவு பகுதியை வைத்துக்கொள்வது, எதை விலக்குவது என்பதை வெட்டாமலே அறியலாம்.

இவ்வாறு நோக்கும்போது பெரும்பாலும் அகப்படும் குறைகள் ஐந்து. தண்டு தாளின் நட்டநடுவே நின்று இடத்தை இரு சம பாதியாகப் பிளப்பது ஒன்று. இலைகள் யாவும் ஒரே அளவில், ஏணிப்படிபோல் ஒரே இடைவெளியில், முழு முகம் காட்டி நிற்பது இரண்டாவது. இலை நுனியும் பூவின் விளிம்பும் தொட்டும் தொடாமலும் நிற்பது மூன்றாவது. இரண்டும் விலகியிருந்தால் இடைவெளி தெரியும், ஒன்று மற்றொன்றை மறைத்தால் ஆழம் தெரியும், இரண்டுங்கெட்டான் நிலையில் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மேற்பகுதியில் பாரம் மிகுந்து அடியில் தண்டு திடீரென அறுபட்டாற்போல் முடிவது நான்காவது. எங்கும் ஒரே அழுத்தமாக நிறமிடுவது ஐந்தாவது.

செடி கூறும் விதி

குறை தெரிந்தவுடன் இலையை அங்கே போடுவோம், மொட்டை இங்கே போடுவோம் என்று கை பரபரக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். சித்திரத்தின் அமைப்பு நம் விருப்பத்துக்கு உட்பட்டது. செடியின் அமைப்பு உட்பட்டதன்று. நம் இரு சாராருக்கும் உறவான பருத்தியை வைத்தே இதை விளக்குவோம்.

ஒரு சித்திரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கம்போடியா போன்ற அமெரிக்க வகைப் பருத்தியின் கிளை ஒன்று தாளின் நடுவே நேராக நிற்கிறது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கின்றன. நடுவில் ஒரு பூ, நாணயம்போல் முழு முகம் காட்டுகிறது. அதன் பக்கத்தில் சிவந்த பூ ஒன்று. உச்சியில் வெடித்த காய் வெண்மையாக விளங்குகிறது. வரைந்தவர் இடத்துக்கும் வலத்துக்கும் சமநிலை வேண்டி இவ்வாறு அமைத்தார். ஆயினும் சித்திரம் உயிரற்று நிற்கிறது. ஏன்?

பருத்தி பயிரிடுபவரிடம் காட்டினால் காரணத்தை உடனே சொல்லிவிடுவார். பருத்தியிலை எதிரெதிர் இணையாக வருவதில்லை. தண்டைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். பூத்துக் காய்க்கும் கிளை நேராக ஓடுவதில்லை. கணுவுக்குக் கணு திரும்பி, நெளிந்து செல்லும். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலையும், அதற்கு எதிரே ஒரு சப்பையும் இருக்கும். அமெரிக்க வகைப் பூ காலையில் வெளிர்மஞ்சள் கலந்த வெண்மையாக மலரும். மறுநாள் சிவந்து வாடும். ஒரே கிளையில் அடுத்தடுத்த கணுக்கள் பூப்பதற்கு ஏறத்தாழ 6 நாள் இடைவெளி உண்டு. ஆகையால் இன்றைய வெள்ளைப் பூவும் நேற்றைய சிவந்த பூவும் ஒரு கிளையின் பக்கத்துக் கணுக்களில் சேர்ந்து நிற்பது இயல்பன்று. பூத்த பின் காய் வெடிக்க ஏறத்தாழ 45 முதல் 60 நாள் ஆகும். ஆகவே முதிர்ந்த காய் செடியின் கீழேயும் கிளையின் உட்கணுவிலும் இருக்கும்; இளஞ்சப்பை மேலேயும் நுனியிலும் இருக்கும். வெடித்த காயை உச்சியில் வைத்தது காலத்தையே தலைகீழாக்கியதாகும்.

இங்கே ஓர் உண்மை வெளிப்படுகிறது. சமநிலைக்காகச் செய்த பொய்களே சித்திரத்தின் சமநிலையைக் கெடுத்தன. செடியின் விதியை மீண்டும் கொண்டுவந்தால் அமைப்பும் தானே நேராகிவிடுகிறது. இலைகள் சுற்றியேறும்போது ஒன்று முகம் காட்டும், ஒன்று பக்கம் திரும்பும், ஒன்று பின்னே மறையும்; ஏணிப்படித் தோற்றம் ஒழிந்துவிடும். கிளை நெளியும்போது கண்ணும் அதனுடன் நெளிந்து செல்லும். கனமான காய் கீழே இறங்கினால் அடியில் பாரம் அமையும். சிறு சப்பை மேலே நின்றால் நுனி லேசாகும். சித்திரக்காரர் தேடியலைந்த சமநிலையைச் செடி முன்னமே வைத்திருக்கிறது.

வகை வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். கருங்கண்ணிப் பருத்தியின் இலை ஆழமாகப் பிளந்து குறுகிய விரல்களாக நீளும். கம்போடியா இலையின் பிளவு ஆழமற்றது, விரலும் அகன்றது. கருங்கண்ணியின் பூ மஞ்சள். இதழின் அடியில் செந்நிறப் புள்ளி உண்டு. சப்பையை மூடும் மூன்று பச்சை உறைகள் கருங்கண்ணியில் ஏறக்குறைய முழு விளிம்புடையவை; அமெரிக்க வகையில் அவை நீண்ட பற்களாகக் கிழிந்திருக்கும். வெற்றிடத்தை நிரப்ப அடுத்த வயல் இலையை எடுத்து ஒட்டினால், ஒரே தண்டில் இரண்டு சாதிப் பருத்தி முளைத்துவிடும்.

திருத்தத்தின் படிகள்

சிறிய மாற்றத்திலிருந்து பெரிய மாற்றத்துக்குச் செல்வதே முறை.

முதற்படி வெட்டுதல். சட்ட அட்டைகளால் பார்த்து, தாளின் ஓரத்தைக் குறைப்பதால் தண்டு நடுவிலிருந்து விலகுமானால் வேறொன்றும் வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொண்ட சித்திரத்தில் உச்சிக் காய் தாளின் மேல்விளிம்பை ஒட்டியிருந்தால் வெட்டுவதோடு அப்பிழையும் போய்விடும்.

இரண்டாவது படி ஒளியும் இருளும். எதையும் சேர்க்காமல், பின்னுள்ள இலைகளின்மேல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தை நீர்க்கப் பூசினால் அவை பின்வாங்கும். முன்னுள்ள இலையில் நிழலை ஆழமாக்கினால் அது முன்வரும். செடிச் சித்திரத்தில் வெளிச்சம் இடப்புற மேல்மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். திருத்தும்போது எந்தத் திசையைக் கொண்டாலும் முதலில் வரைந்த திசையையே காக்க வேண்டும். இல்லையேல் புது இலை ஒட்டுப்போட்டாற்போல் நிற்கும்.

மூன்றாவது படி சேர்த்தல். தொட்டும் தொடாமலும் நிற்கும் இரு விளிம்புகளுக்குப் பின்னால் ஓர் இலையைச் செலுத்தினால் அவை பிணைந்துவிடும். அடியில் வெறுமை இருந்தால் கீழ்க்கணுவில் வெடித்த காயை வைக்கலாம். வெண்பஞ்சைத் தீட்ட வெள்ளை வர்ணம் வேண்டியதில்லை; தாளின் வெண்மையே பஞ்சு. அதைச் சுற்றிக் கரும்பச்சை இலையொன்று பின்னே நின்றால் வெண்மை எழுந்து தெரியும். சேர்க்கும் எந்த இலைக்கும் காம்பு எந்தக் கணுவில் முடிகிறது என்பதை முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். காம்பின் முடிவு தெரியாத இலை காற்றில் மிதக்கும்.

முழு வர்ணத்தில் சேர்ப்பது அதிகமாகத் தோன்றினால், பின்னிலையை வெறும் கோட்டால் மட்டும் வரையலாம். ‘கர்ட்டிஸ் தாவர சஞ்சிகை’யில் பெரிய இலைகள் வர்ணமின்றிக் கோட்டளவில் நிற்பதையும், அவற்றின்மேல் வர்ணப்பூ விளங்குவதையும் பல சித்திரங்களில் காணலாம். இடம் நிரம்பும், பாரம் ஏறாது, பொய்யும் இல்லை.

நான்காவது படி நீக்குதல். அடர்ந்த இலைகளில் ஒன்றை எடுத்துவிடத் தாவரச் சித்திர மரபு இடம் கொடுக்கிறது. ஆனால் அதன் காம்பின் அடியைக் குறையாக விட்டு, இங்கே ஓர் இலை இருந்தது என்று காட்ட வேண்டும். கணக்கை மறைக்காமல் இலையை மறைக்கும் முறை இது.

வர்ணத்தின் எல்லை

நீர்வர்ணத்தில் வரைந்ததை நீக்குவது எளிதன்று. அது கண்ணாடி போன்றது. மேலே பூசிய நிறத்தின் ஊடே அடிநிறம் தெரியும். வெளிர்நிறத்தின்மேல் கருநிறம் ஏறும். கருநிறத்தின்மேல் வெளிர்நிறம் ஏறாது. எனவே இருட்டாக்கும் திருத்தங்கள் எளியவை, வெளிச்சமாக்கும் திருத்தங்கள் அரியவை.

வெளிச்சமாக்க வேண்டிய இடத்தைச் சுத்தமான நீரில் நனைத்த தூரிகையால் மெல்லத் தடவி, உறிஞ்சும் தாளால் ஒற்றியெடுக்கலாம். ஒருமுறை ஒற்றியபின் உலரவிட்டே மறுமுறை தொட வேண்டும். ஈரத்தில் தேய்த்தால் தாளின் முகம் பஞ்சாகிவிடும். கோபால்ட் நீலமும் மண்நிறங்களும் பெரும்பாலும் இணங்கி வரும். தேலோ நீலம், தேலோ பச்சை என்று விற்கும் வர்ணங்கள் தாளில் கறையாக ஊறிவிடும். அவற்றை எடுக்க முயல்வது வீண். கனத்த தாளாயின் நரம்பு போன்ற மெல்லிய வெண்கோடுகளைக் கத்திநுனியால் சுரண்டியெடுக்கலாம். ஆனால் சுரண்டிய இடத்தில் மீண்டும் வர்ணம் இட்டால் அது பரவி நிற்கும். ஆதலால் சுரண்டுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

எந்தத் திருத்தத்தையும் சித்திரத்தின்மேல் நேராகச் செய்துபார்க்க வேண்டாம். அதே வகைத் தாளின் துண்டில் அதே வர்ணத்தைப் பூசி உலர்த்தி, அதில் முதலில் முயன்று பார்க்கலாம். நெசவாளர் புதுச் சாயத்தைச் சிறு கழியில் தோய்த்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

புதுத் தாள் எடுக்கும் தருணம்

சில குறைகளை அதே தாளில் திருத்த முடியாது. தண்டின் போக்கே தவறு, பூவின் நிலையே தவறு என்றால் புதிதாக வரைய வேண்டியதுதான். அப்போதும் பழைய சித்திரம் வீணன்று. அதன்மேல் மெல்லிய பிரதித்தாளை வைத்து ஒவ்வோர் இலையையும் பூவையும் காயையும் தனித்தனியே படியெடுத்து வெட்டிக்கொள்ள வேண்டும். அத்துண்டுகளை வெறுந்தாளின்மேல் வைத்து, ஏற்றியும் இறக்கியும் சாய்த்தும் பார்க்கலாம். திருப்தியான பின் ஊசியால் நிறுத்தி, முழுவதையும் மீண்டும் படியெடுக்கலாம்.

இம்முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரதித்தாளை எளிதில் புறம் திருப்பலாம். இடப்பக்க இலை வலப்பக்க இலையாகிவிடும். பருத்தியிலையில் இது பெரும் தீங்கு செய்யாது. கொடிகளில் செய்யும். அவரைக்கொடி கொம்பைச் சுற்றும் திசை மாறாதது; பிரதியைத் திருப்பினால் கொடி எதிர்த்திசையில் சுற்றும். கல்லச்சுக்கு வரைந்தவர்கள் இதை நன்கறிவார்கள். கல்லில் வரைந்தது தாளில் இடம் வலமாக மாறி விழுமாதலால், அவர்கள் கல்லில் எல்லாவற்றையும் மாற்றியே வரைய வேண்டியிருந்தது.

பூவைத் திருப்பி வைக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். முழு முகம் காட்டிய பூவைப் பக்கமாகச் சாய்த்தால் ஐந்து இதழ்களும் ஒரே அளவில் தெரியா. ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு அடுத்த இதழின் மேலும், மறு விளிம்பு மற்ற இதழின் கீழும் செல்லும் ஒழுங்கு எந்த நிலையிலும் மாறலாகாது. பழைய படியை நீட்டிக் குறுக்கி இதைச் செய்ய முடியாது. மலர்ந்த பூ ஒன்றை எதிரில் வைத்தே வரைய வேண்டும். ஃபெர்டினாண்ட் பாவர் என்ற ஆஸ்திரிய ஓவியர் 1786, 1787 ஆண்டுகளில் கிழக்கு மத்தியதரை நாடுகளில் சுற்றியபோது செடிகளைப் பென்சிலால் வரைந்து, நிறங்களை எண்களால் குறித்துக்கொண்டார். ஆக்ஸ்போர்டு திரும்பிய பின் அக்குறிப்புகளைக் கொண்டே முழுச் சித்திரங்களைத் தீட்டினார். அவை கிரேக்க நாட்டுத் தாவர நூலின் 966 தகடுகளாக வெளிவந்தன. செடி கண்முன் இருக்கும்போது எடுக்கும் குறிப்பு எவ்வளவு நிறைவாக இருக்கிறதோ, அவ்வளவு சுதந்திரம் பின்னர் அமைப்பை மாற்றுவதில் கிடைக்கும். நம்மவரும் செடியை வரையும்போதே ஓர் ஓரத்தில் இலை எப்படித் திரும்பியிருந்தது, கணுவுக்குக் கணு எவ்வளவு தூரம், பூவின் பின்புறம் எப்படி என்பவற்றைச் சிறு குறிப்பாக எழுதிவைப்பது நலம்.

தறிக்குப் போகுமுன்

சித்திரம் சீரானபின் அது துணி மாதிரியாக மாறும்போது மற்றொரு நிலை தொடங்குகிறது. தாளில் ஒரு செடி தனியே நிற்கும். கரையில் அதே செடி அடுத்தடுத்து வரும். ஆகவே தாளின் அடியில் வைத்த பாரமும் உச்சியில் விட்ட வெளியும், அடுத்த செடியின் உச்சியோடும் அடியோடும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரே பிரதியை நான்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்ப்பதே போதுமான சோதனை. தனிச் சித்திரத்தில் அழகாக இருந்த நெளிவு, நான்கு முறை வரும்போது படிக்கட்டுப்போல் சாய்ந்து காட்டலாம்.

நீர்வர்ணத்தின் நுண்ணிய நிழல்கள் பாவிலும் ஊடையிலும் வாரா. கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமும் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே சொல்லும். ஆகவே துணிக்குச் செல்லும் சித்திரத்தில் வெளிக்கோடு தெளிவாக இருக்கும்படி நிழலைக் குறைத்துக்கொள்ளலாம். ரங்கையா, கோவிந்து காலத்து விரிந்த இலையமைப்பு இங்கே நமக்குத் துணை செய்யும். இலையை எளிமையாக்கலாம், நரம்புகளைக் குறைக்கலாம், நிறத்தை இரண்டாகவோ மூன்றாகவோ சுருக்கலாம். மாதிரிக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ‘பருத்திப் பூ’ என்று பெயரிட்டு விற்கும் புடவையில் அது பருத்திப் பூவாகவே இருக்க வேண்டும். ஐந்து இதழ் ஆறாகக் கூடாது. மூன்று உறை இரண்டாகக் கூடாது.

அங்கத்தினர்களுக்கு ஒரு யோசனை

ஒரு புது மாதிரி கட்டத்தாளுக்குச் செல்லுமுன், அந்தச் செடியைப் பயிரிடும் அங்கத்தினர் இருவர் மூவரிடம் சித்திரத்தைக் காட்டுவதை வழக்கமாக்கிக் கொள்ளலாம். அவர்களிடம் அழகைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. “இச்செடியை உங்கள் வயலில் பார்த்திருக்கிறீர்களா?” என்ற ஒரு கேள்வி போதும். காய் மேலே இருக்கிறதே என்றோ, இலை எதிரெதிரே நிற்கிறதே என்றோ அவர்கள் சொல்லும் சொல் பெரும்பாலும் அமைப்பின் குறையையும் சேர்த்தே சுட்டிக்காட்டிவிடும். அவர்களே பூக்கும் காலத்தில் ஒரு கிளையை வெட்டி, நீரில் வைத்துக் காலையிலேயே கொணர்ந்து தருவாராயின், சித்திரக்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பருத்திப் பூ மறுநாள் வரை காத்திராது.

மற்றொன்றும் உண்டு. ஒருவர் வரைந்த சித்திரத்தை மற்றொருவர் திருத்தி மாதிரியாக்கினால், சங்கத்தின் மாதிரிப் பதிவேட்டில் இருவர் பெயரையும் எழுத வேண்டும். செடியைக் கண்டு வரைந்தவர், சீரமைத்தவர், கட்டத்தாளில் இட்டவர் என்று மூவர் பெயரும் ஒரே வரியில் இருக்கட்டும். டார்ஜிலிங்கில் வரைந்தவர்களின் பெயர் புத்தகத்தின் முகப்பில் ஏறாமற் போனது; நம் சங்கங்களில் அவ்வாறு நேர இடமில்லை. உழைத்தவர் எவரும் கணக்கிலிருந்து விடுபடலாகாது என்பதே கூட்டுறவின் முதற்பாடம் அன்றோ?

ஒதுக்கிய கட்டை ஒரு மாலைப்பொழுதில் அவிழ்த்துப் பாருங்கள். கண்ணாடியில் காட்டியும் தலைகீழாக வைத்தும் ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள். எல்லாத் தாளும் தேறிவிடும் என்று நாம் கூறவில்லை. தேறக்கூடிய நாலைந்து தாள்கள் கிடைத்தாலும் ஒரு பட்டத்துக்குத் தேவையான கரை மாதிரிகள் கையில் இருக்கும். செடியைப் பார்த்து உட்கார்ந்த நாட்களும் வீணாகா.